ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுப் பதிவை அழிக்கச் சொன்னால் அழிக்கத்தான் வேண்டுமா?

படுவான்கரைப் பொடியன் | செவ்வாய், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு கிழமையாக யோசித்துவிட்டு இன்றைக்குத்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர், ஆட்களின் பெயர் எதுவும் போடவில்லை, கேட்கவும் வேண்டாம்.

எங்கள் வயல் பாதையில் போன வருடம் ஒரு மதகு கட்டினார்கள். மாரி தொடங்கி இரண்டாவது பெருமழையிலேயே ஒரு பக்கச் சுவர் சரிந்துவிட்டது. உடைந்த இடத்தில் சீமெந்தை விரலால் சுரண்டினேன், ஈர மண் மாதிரி உதிர்ந்தது. கம்பி இருந்தது, ஆனால் அது கம்பியா கட்டுக்கம்பியா என்று சந்தேகம். படம் எடுத்து ஊர் முகநூல் குழுவில் போட்டேன். எழுதியது இரண்டே வரி: "ஒரு மாரி தாங்காத மதகு. இதற்கு எவ்வளவு காசு, யார் கணக்குப் பார்த்தது?" ஒருவருடைய பெயரும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் போன். "ஸ்டேஷன்ல இருந்து கதைக்கிறம், ஒருக்கா வந்து போங்க." எதற்கு என்றால், "வாங்க, சொல்றம்." போனேன். வாங்கில் இரண்டரை மணித்தியாலம் இருத்தினார்கள். மறுகா உள்ளே கூப்பிட்டு, என் பதிவை அச்சடித்த தாளைக் காட்டினார்கள். வேலையை எடுத்தவர் முறைப்பாடு கொடுத்திருக்கிறாராம்: அவதூறு, ஊருக்குள் குழப்பம். அங்கேயே போனை எடுத்து அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். பிறகு ஒரு பெரிய புத்தகத்தில் சிங்களத்தில் அரைப் பக்கம் எழுதி, என் பக்கம் திருப்பி, பேனையையும் நீட்டினார்கள். "இனி இப்படிப் போட மாட்டேன் எண்டுதான் இருக்கு, வேற ஒண்டும் இல்ல" என்றார் எழுதியவர். அந்த அரைப் பக்கத்தில் எனக்கு விளங்கியது என் அடையாள அட்டை நம்பர் மட்டும்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அவர்களுக்கு அப்படிச் சொல்ல அதிகாரம் இருக்கிறதா? நான் கையெழுத்து வைத்தது பிறகு என் கழுத்துக்கு வருமா?

ஓய்வெடுத்த வாத்தி | செவ்வாய், இரவு 9.05

தம்பி, நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. முகநூலில் போடுவதற்கு முன் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் கொடுத்தீரா? கிராம சேவகரிடம் கதைத்தீரா? எடுத்தவுடன் ஊருக்கே படம் காட்டினால் யாருக்கும் கோபம் வரும்தானே. நான் 30 வருடத்துக்கு மேல் படிப்பித்தவன், அதிகாரிகளோடு முட்டிக்கொண்டு பிழைத்தவனை நான் கண்டதில்லை. அழித்தது நல்லது. இதோடு விட்டுவிடும்.

கல்லடிப் பாலம் | செவ்வாய், இரவு 9.11

சேர், இங்கே கெட்டது மதகு. நுணல் கத்தி மதகு உடையவில்லை.

கறுப்புக் கோட்டு | செவ்வாய், இரவு 10.30

தொழிலால் சட்டத்தரணி. தம்பியின் புத்தகப் பதிவைப் பார்க்காமல் முழுப் பதில் சொல்ல முடியாது, ஆனால் சில விஷயம் இப்போதே சொல்லலாம்.

முதலில் அந்த "அவதூறு". இலங்கையில் அவதூறு 2002 முதல் குற்றம் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த அந்தப் பிரிவுகளை அந்த வருடம் நீக்கிவிட்டார்கள். தன் பெயர் கெட்டது என்று ஒருவர் நினைத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். அங்கே பொலிசுக்கு வேலையே இல்லை. 20 வருடம் தாண்டியும் "அவதூறு கேஸ் போட்டு உள்ளே தள்ளுவேன்" என்று மிரட்டுகிறவர்களும் குறையவில்லை, நம்பிப் பயப்படுகிறவர்களும் குறையவில்லை.

அடுத்தது பேச்சுரிமை. அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுக்கும் கருத்து வெளியிடுவதற்கும் உரிமை தருகிறது. அது கட்டற்றது அல்ல. 15ஆம் உறுப்புரை இன, மத ஒற்றுமை, நீதிமன்ற அவமதிப்பு, மானநட்டம், குற்றத்துக்குத் தூண்டுதல், தேசிய பாதுகாப்பு என்று பல காரணம் சொல்கிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு சட்டத்தால் வர வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "அழி" என்று வாயால் சொல்வது சட்டம் ஆகாது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேட்டிருக்கலாம். கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அந்த வாங்கில் இரண்டரை மணித்தியாலம் இருந்தவனுக்குத்தான் அது தெரியும்.

கையெழுத்து விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, 1987 முதல் அரச கரும மொழியும்கூட. விளங்காத மொழியில் எழுதியதை வாசித்துக் காட்டாமல், மொழிபெயர்த்துச் சொல்லாமல் ஒப்பம் வாங்கியது பிழை. நடந்ததை நாள், நேரம், யார் எங்கே இருந்தார்கள் என்று இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் போனால் எல்லாம் கலங்கிவிடும்.

மாதம் என்றதும் முக்கியமான ஒன்று. அடிப்படை உரிமை மீறல் மனுவை 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அதுவும் கொழும்பு உயர் நீதிமன்றத்தில், அதாவது சுப்ரீம் கோர்ட்டில், மட்டும்தான். உரிமையை மட்டக்களப்புக்கும் சேர்த்துத்தான் தந்தார்கள், வாசலை மட்டும் கொழும்புப் புதுக்கடையில் வைத்துவிட்டார்கள். அதனால் நம் பக்கத்து ஆட்கள் முதலில் போக வேண்டிய இடம் மனித உரிமைகள் ஆணைக்குழு. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. கொடுத்துவிட்டு வீட்டில் படுத்திருந்தால் அந்தச் சலுகை கிடைக்காமலும் போகலாம். விசாரணை நடக்கிறதா என்று போய்ப் போய்க் கேட்க வேண்டும்.

சித்தாண்டிப் பால்காரன் | செவ்வாய், இரவு 11.20

வாத்தியார் சொன்ன மாதிரி நாங்களும் கடிதம் எழுதினோம் ஐயா. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை பற்றி எத்தனை கடிதம், எத்தனை மகஜர். கடைசியில் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் ரோட்டோரம் கொட்டில் போட்டு உட்கார்ந்தோம். அந்த வருடம் நவம்பரில் எங்களுக்காக வந்த கிழக்குப் பல்கலைக்கழகப் பொடியன்கள் 6 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாட்டுக்குப் புல் கேட்டதற்கு.

கறுப்புக் கோட்டு, ஒன்று கேட்க வேண்டும். ஊர்வலம் போக "பெர்மிஷன் எடுத்தீங்களா" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள். பெர்மிஷன் தேவையா?

கறுப்புக் கோட்டு | செவ்வாய், இரவு 11.45

தேவையில்லை அண்ணே. பொலிஸ் கட்டளைச் சட்டம் 77ஆம் பிரிவு, ஊர்வலம் தொடங்க 6 மணித்தியாலத்துக்கு முன் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்கச் சொல்கிறது. அறிவித்தல்தான், அனுமதி கேட்பது இல்லை. பொது ஒழுங்குக்காகத் தடுக்க உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ உத்தரவு போடலாம், அதற்கும் காரணம் வேண்டும். கடிதத்தைக் கொடுத்துப் பிரதியில் திகதியோடு ஒப்பம் வாங்குங்கள்.

அவர்கள் அதிகம் பாவிப்பது வேறு ஆயுதம்: குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 106ஆம் பிரிவு. பொதுத் தொல்லை என்று நீதவானிடம் சொல்லி, எதிர்த் தரப்பைக் கேட்காமலே தடையுத்தரவு வாங்கலாம். 14 நாள் செல்லும். ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. அதே நீதவானிடம் போய் உத்தரவை மாற்றவோ நீக்கவோ கேட்கலாம். 2021 பெப்ரவரியில் கிழக்கில் பொத்துவிலில் இருந்து வடக்கில் பொலிகண்டி வரை ஊர்வலமாக நடந்தார்களே, அதற்கும் இப்படித் தடையுத்தரவு வாங்கினார்கள். ஆனாலும் நடந்தார்கள், தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து.

நிந்தவூர் நானா | புதன், காலை 6.50

சுபஹு தொழுதுவிட்டு வந்து வாசித்தேன். தம்பிக்கு நடந்தது அநியாயம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் "பேச்சுரிமை, பேச்சுரிமை" என்று போகிற போக்கில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது.

2018 பெப்ரவரி 26 இரவு. அம்பாறை டவுனில் நம்மவர், முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டில் மாவுக்கட்டி ஒன்று கிடந்ததற்கு, "கருத்தடை மாத்திரை போட்டாயா" என்று சிங்களத்தில் அதட்டினார்கள். கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது, பயத்தில் தலையாட்டினார். அதை வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். கடை போனது, பள்ளிவாசலையும் உடைத்தார்கள். பிறகு அரசாங்கப் பகுப்பாய்வுத் திணைக்களம் அது வெறும் மாவுதான் என்று சொன்னபோது யார் கேட்டது? சில நாளில் கண்டிப் பக்கத்துத் திகன எரிந்தது. அன்றைக்கு நாங்கள் நிந்தவூரில் வீட்டுக்கு வீடு விளக்கை அணைத்துவிட்டு முழித்திருந்தோம். என் உம்மா சமையலறைக் கதவுக்கு அம்மியை முண்டு கொடுத்து வைத்தார். அம்மி கதவைத் தாங்குமா என்று நான் கேட்கவில்லை.

ஆகவே பொய்யைப் பரப்புகிறவனைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டும். 2024இல் இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது எல்லோரும் எதிர்த்தார்கள். எனக்கு அவ்வளவு எதிர்க்க மனம் வரவில்லை.

கல்லடிப் பாலம் | புதன், காலை 8.15

நானா, நீங்கள் சொன்ன கதையையே எடுப்போம். 2018இல் சட்டம் இல்லாமலா போனது? ஐ.சி.சி.பி.ஆர் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், 2007இலேயே வந்துவிட்டது. அதன் 3ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றம் என்கிறது. அம்பாறைக்கும் திகனவுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பிரிவு. அந்த இரவில் அது எங்கே தூங்கியது? அரசாங்கம் செய்தது மார்ச் 7ஆம் திகதி முகநூலையும் வாட்ஸ்அப்பையும் நாடு முழுக்க நிறுத்தியது. கடை எரிந்த பிறகு.

அதே பிரிவு 2020 ஏப்ரலில் முழித்துக்கொண்டது. யாருக்கு? ரம்சி ராசீக் என்ற ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தருக்கு. வெறுப்புப் பிரசாரத்துக்கு எழுத்தால் பதில் சொல்ல வேண்டும் என்று பதிவு போட்டவர், 5 மாதம் உள்ளே இருந்தார். அவருடைய உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 ஆகிவிட்டது. மன்னார்ப் பக்கத்துக் கவிஞர் அஹ்னாப் ஜஸீமைத் தமிழில் எழுதிய கவிதைப் புத்தகத்துக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து, ஒன்றரை வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது.

உங்கள் உம்மாவின் கதவைக் காப்பாற்ற எழுதிய சட்டம் உங்கள் ஆட்களின் கதவையே தட்டியது. இன்னொரு சட்டம் கொடுத்தால் அது வேறு கதவைத் தட்டும் என்று எதை வைத்து நம்புவது?

நிந்தவூர் நானா | புதன், காலை 9.02

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை, தம்பி. கடைக்குப் போகிறேன், பிறகு எழுதுகிறேன்.

வாவிக்கரை அக்கா | புதன், காலை 10.20

ஆண்கள் எல்லாம் அரசாங்கம், பொலிஸ் என்று கதைக்கிறீர்கள். நான் பெண்களுக்கான ஒரு சிறு அமைப்பில் வேலை செய்கிறேன். போலிக் கணக்கில் படத்தை வெட்டி ஒட்டிப் போடுகிறான், 17 வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நிற்கிறாள். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முறைப்பாடு கொடுக்கப் போனால், "ஏன் பிள்ளைக்குப் போன் கொடுத்தீங்க" என்று தாயைக் கேட்கிறார்கள். மதகுப் படத்தை அழிக்க மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது. எங்கள் பிள்ளையின் படம் நான்கு மாதம் கிடந்தது.

எனக்குச் சட்டம் வேண்டும். ஆனால் பிள்ளையின் படத்துக்கும் மதகின் படத்துக்கும் வித்தியாசம் தெரிந்த சட்டம் வேண்டும்.

கறுப்புக் கோட்டு | புதன், மதியம் 1.10

அக்கா சொன்னதுதான் இந்த இழையில் வந்த சரியான கேள்வி. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை முன்வைத்தபோது பெண்களையும் பிள்ளைகளையும் காட்டித்தான் நியாயம் சொன்னார்கள். ஆனால் உள்ளே "பொய்யான கூற்று" என்ற சொல்லைப் பெரிதாக விரித்துவிட்டு, எது பொய் என்று தீர்மானிக்க 5 பேர் கொண்ட ஆணைக்குழுவை வைத்தார்கள். மசோதாவில் 31 வாசகங்களைத் திருத்தாமல் சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்று நிறைவேற்றினார்கள். நீதிமன்றம் சொன்ன திருத்தம் எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்ததா என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை.

இதில் பலருக்குத் தெரியாத இடக்கு ஒன்று. இந்தியாவில் ஒரு சட்டம் வந்து 10 வருடம் கழித்தும் அது அரசியலமைப்புக்கு முரண் என்று வழக்குப் போடலாம். இங்கே 80(3)ஆம் உறுப்புரைப்படி, சபாநாயகர் சான்றொப்பம் வைத்துவிட்டால் அந்தச் சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. மசோதாவாக இருக்கும் சில நாளுக்குள் வழக்குப் போட்டால் உண்டு. 16ஆம் உறுப்புரை, 1978க்கு முந்திய பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. நாம் பார்லிமெண்டைக் கட்டிப்போடுகிற கயிறு என்று நினைப்பது பல இடத்தில் வெறும் நூல்.

சூரிச் மட்டுநகரான் | புதன், மாலை 5.40

எல்லாம் வாசித்தேன். தம்பி அழித்திருக்கக் கூடாது. நேரலையில் வந்து அங்கேயே கேட்டிருக்க வேண்டும். பயந்தால் அடிமையாகவே கிடக்க வேண்டியதுதான்.

சித்தாண்டிப் பால்காரன் | புதன், மாலை 5.58

அண்ணே, சூரிச்சில் இருந்து மட்டக்களப்பு ஸ்டேஷன் வாங்கு எவ்வளவு தூரம்?

பழைய பேப்பர் | புதன், இரவு 8.30

சண்டை வேண்டாம். நான் பத்திரிகைத் துறையில் முடி நரைத்தவன், ஒரு பழங்கதை சொல்கிறேன். 2004 மே 31ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசனை மட்டக்களப்பு டவுனில் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் நம் ஊர்ப் பத்திரிகையாளர் சிவராமைக் கொழும்பில் கொன்றார்கள். அந்தக் காலத்தில் எழுதியதற்காக யாரும் போன் பண்ணி "ஒருக்கா வந்து போங்க" என்று கூப்பிடவில்லை. செய்தியில் ஒரு சொல்லை வெட்டுவதா விடுவதா என்று ராத்திரி முழுக்க மேசையைச் சுற்றி நடப்போம். அரசாங்கத்துக்கு மட்டும் பயந்து இல்லை. துவக்கு வைத்திருந்த எல்லோருக்கும் பயந்து. இரண்டு கொலைக்கும் இன்றுவரை ஒருவரும் தண்டனை பெறவில்லை.

ஆகவே தம்பி, இப்போது கூப்பிட்டு இருத்தி எழுதி வாங்குவதை "அந்தக் காலத்துக்கு இது பரவாயில்லை" என்று சொல்ல என் வாய் வரவில்லை. ஆனால் உங்களுக்குக் கேட்க ஒரு பிரிவு இருக்கிறது, போட ஒரு மனு இருக்கிறது. எங்களுக்கு இருந்தது அந்த மேசை மட்டும்தான்.

கறுப்புக் கோட்டு | புதன், இரவு 9.15

பழைய பேப்பர் ஐயாவுக்காக ஒரு வழக்கு. 1992 ஜூலையில் எதிர்க்கட்சிகள் "ஜனகோஷ" என்று ஒரு போராட்டம் வைத்தன. 15 நிமிடம் மேளம், மணி, ஹோர்ன் என்று கிடைத்ததைக் கொண்டு சத்தம் போடுவது, அவ்வளவுதான். மேளம் அடித்த ஒருவரின் மேளத்தைப் பொலிஸ் பறித்து உடைத்தது. அவர் உயர் நீதிமன்றம் போனார். 1993இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பு, மேளச் சத்தமும் பேச்சுத்தான் என்றது. அமைதியான எதிர்ப்பை இன்று நெரித்தால் அது இன்னொரு நாள் வன்முறையாக வெடிக்கும் என்றும் எழுதினார். 1993இல் இந்த நாட்டில் அதை எழுதுவது சின்ன விஷயம் இல்லை.

துண்டுப்பிரசுரம் கொடுக்கப் பொலிஸ் அனுமதி வேண்டும் என்ற அவசரகால ஒழுங்குவிதியை இதே நீதிமன்றம் 1987இல், யுத்தத்துக்கு நடுவில், செல்லாது என்று சொன்னது. மதகுப் படமும் ஒரு துண்டுப்பிரசுரம்தானே.

கல்லடிப் பாலம் | புதன், இரவு 9.22

அப்படியென்றால் நம் கூத்துக் களரி மத்தளத்துக்கும் 14(1)(அ) இருக்கிறது. விடிய விடிய அடிப்போம்.

வாவிக்கரை அக்கா | புதன், இரவு 9.30

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஓ.எல் பரீட்சை. விடிய விடிய வேண்டாம், 15 நிமிடம் அடியுங்கள்.

நிந்தவூர் நானா | புதன், இரவு 10.40

கடை சாத்திவிட்டு வந்தேன். பகல் முழுக்கக் கல்லாவில் இருந்து அதே யோசனை. கல்லடித் தம்பி சொன்னதை முழுக்க ஏற்கவில்லை. சட்டத்தை ஆள் பார்த்துப் பாவிக்கிறார்கள் என்பதற்காகச் சட்டமே வேண்டாம் என்றால், அன்றைக்கு வீடியோ பரப்பினவனுக்கும் கொண்டாட்டம்தான். ஆனால் ஒன்று விளங்கியது. அந்த இரவில் எங்களுக்கு வேண்டியிருந்தது புதுச் சட்டம் இல்லை. போன் எடுத்தால் வந்து கடைக்கு முன்னால் நிற்கிற பொலிஸ். அவர்கள் வந்திருந்தால் வீடியோவுக்குக் கால் முளைத்திருக்காது. நம் தம்பியை மதகுப் படத்துக்குக் கூப்பிட ஆள் இருக்கிறது, அன்றைக்கு ஆள் இல்லை.

ஓய்வெடுத்த வாத்தி | வியாழன், காலை 7.30

நான் முதலில் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். கொஞ்சம் கடுமைதான். ஆனாலும் கடிதம் எழுத வேண்டும் என்ற பேச்சை விடமாட்டேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் ஊர் விளையாட்டு மைதானக் கணக்கை நான் அதில்தான் எடுத்தேன். தகவல் உத்தியோகத்தருக்கு எழுத்தில் கேட்டால் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. தம்பி, எழுதி இங்கே போடும். பிழை திருத்தித் தருகிறேன்.

படுவான்கரைப் பொடியன் | திங்கள், இரவு 7.50

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை மனித உரிமை ஒபிசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, "சரியா" என்று கேட்டுவிட்டுத்தான் பேனையைத் தந்தார். அந்தச் சின்ன விஷயம் மனதுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒரு இலக்கம் தந்திருக்கிறார்கள்.

தகவல் கேட்டு எழுதியது இது: "போன வருடம் எங்கள் வயல் பாதையில் கட்டிய மதகுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, ஒப்பந்தப் பிரதி, வேலை முடிந்தது என்று கையெழுத்து வைத்த அதிகாரியின் பதவி."

ஓய்வெடுத்த வாத்தி | திங்கள், இரவு 8.20

"போன வருடம்", "எங்கள் வயல் பாதை" என்று எழுதினால் "அப்படி ஒன்று எங்கள் பதிவில் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். வருடத்தை இலக்கத்தில் எழுதும். கிராம சேவகர் பிரிவின் நம்பர், பாதையின் பெயர், திட்டப் பலகையில் இருந்த பெயர் எல்லாம் சேரும். "அளவைப் பதிவேட்டின் பிரதி" என்றும் ஒரு வரி போடும், எவ்வளவு கம்பி, எவ்வளவு சீமெந்து என்று அதில்தான் இருக்கும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டி வையும்.

படுவான்கரைப் பொடியன் | திங்கள், இரவு 8.41

சரி சேர், மாற்றுகிறேன். திட்டப் பலகையை மட்டும் காணவில்லை, பதிவு போட்ட அடுத்த கிழமையே யாரோ பிடுங்கிவிட்டார்கள். ஆனால் நான் எடுத்த படத்தின் மூலையில் பலகை பாதி தெரிகிறது. முகநூலில் அழித்தாலும் போனில் இருக்கிறது.

நேற்று அந்த மதகில் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் நெல் மூட்டையோடு சரிந்துவிட்டது. ஓட்டிய மாமாவுக்குக் காலில் சிராய்ப்பு. அதையும் படம் எடுத்தேன். இன்னும் போடவில்லை.